வில்லுக்காரியிடம் கேளுங்கள்: மனித உரிமையும் நம் பாட்டும்

டிசம்பர் 10 மனித உரிமை நாள். 1948-ல் அன்றைக்குத்தான் பாரிஸில் கூடிய ஐ.நா. சபை, 30 பிரிவுகள் கொண்ட மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. அதையொட்டி இந்த மாதம், மனித உரிமைக்காகக் கலைஞர்கள் என்ன செய்ய முடியும் என்று கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். கடிதங்களை வீரவநல்லூர்ப் பக்கம் ஒரு கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டுப் பாடப் போகும் வழியில் வேனிலேயே உரக்கப் படித்தோம். குடக்காரரும் உடுக்கைக்காரரும் சேர்ந்துதான் யோசித்தார்கள். பதில் மட்டும் என்னுடையது. 41 ஆண்டாக வில்லை அடிக்கும் வீசுகோல் பிடிக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்.

மனித உரிமை என்பது நீதிமன்றமும் வக்கீலும் பார்க்க வேண்டிய விஷயம். ஒரு பாட்டோ படமோ அதில் என்ன செய்துவிட முடியும்?
கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

தங்கச்சி, இதே கேள்வியை என்னிடம் முதலில் கேட்டது என் அம்மா. அம்மா பீடி சுற்றித்தான் எங்களை வளர்த்தாள். இலையை ஊறப்போட்டு, அளவு பார்த்து வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் பீடி கொண்டுபோய்க் கொடுத்தால், சரியில்லை என்று அதில் ஒரு கை அள்ளி ஓரமாக ஒதுக்குவார்கள். ஒதுக்கினதற்குக் கூலி கிடையாது, திருப்பியும் தரமாட்டார்கள். "நீ பாடினா கழிக்கது கொறைஞ்சிருமாட்டி?" என்று அம்மா கேட்டாள். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க அறிவொளி இயக்கம் வந்தது. ஊர் ஊராகக் கலைக்குழுக்கள் போன காலம். நாங்களும் எங்கள் வில்லைத் தூக்கிக்கொண்டு போனோம். பீடித் தொழிலாளர்களைப் பற்றி ஒரு பாட்டு கட்டியிருந்தேன். 1966-ல் அவர்களுக்கென்று சட்டம் வந்தது, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சுற்றுகிறவளையும் அது தொழிலாளி என்றே கணக்கில் எடுத்தது, 1977-ல் வைப்பு நிதி பீடித் தொழிலுக்கும் வந்தது. இவ்வளவுதான் பாட்டு. பெரிய அலங்காரம் ஒன்றும் கிடையாது.

ஒரு ஊரில் பாடி முடித்து, குடத்தைத் துணியில் சுற்றி வண்டியில் ஏற்றும்வரை ஒரு பெண் ஓரமாக நின்றுகொண்டே இருந்தாள். பிறகு கிட்ட வந்து மெதுவாகக் கேட்டாள்: "யக்கா, நீங்க பாடுனியள்லா, அந்த பாஸ் புத்தகம், அது எனக்கும் உண்டுமா? நான் எங்க மதினி பேர்லதான் சுத்துதேன்." பதினொரு வருஷமாக அவள் சுற்றின பீடி எல்லாம் மதினி பெயரிலுள்ள கணக்குப் புத்தகத்தில் ஏறியிருந்தது. சட்டம் வந்து ஏறக்குறைய 25 ஆண்டு ஆகியிருந்தது. அதை அவள் வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்க்க ஒருத்தரும் இல்லை. சங்கத்தாரிடம் அவளைக் கூட்டிப்போய்விட்டோம். அடுத்த ஆண்டு தன் பெயர் எழுதின புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். கழிக்கிறது குறைந்ததா என்று கேட்டால், இல்லை. ஆனால் அம்மாவுக்குச் சொல்ல எனக்கு ஒரு பதில் கிடைத்தது.

இன்னொருவரைப் பற்றியும் சொல்கிறேன். அமெரிக்காவில் லூயிஸ் ஹைன் என்று ஒரு புகைப்படக்காரர். 1908-ல் குழந்தைத் தொழிலாளர்களைப் படம் எடுக்கத் தொடங்கினார். ஆலைக்குள் விடமாட்டார்கள் என்பதால் தீயணைப்பு ஆய்வாளர் என்றும் தபால் அட்டை விற்கிறவர் என்றும் சொல்லிக்கொண்டு உள்ளே போவார். தன் சட்டையில் எந்தப் பித்தான் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அவருக்கு மனப்பாடம். பிள்ளைகள் பக்கத்தில் நிற்கும்போது அதை வைத்து உயரத்தை அளந்துகொண்டு, பையில் மறைத்துவைத்த நோட்டில் வயதையும் குறித்துக்கொள்வார். அந்தப் படங்களைப் பார்த்த பிறகு "அப்படிப் பிள்ளைகள் இல்லை" என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நாடு முழுவதற்குமான உறுதியான சட்டம் அங்கே 1938-ல்தான் வந்தது. 30 ஆண்டு. வக்கீலுக்கும் நீதிபதிக்கும் முன்னால் ஒரு ஆள் போய்ப் பித்தானால் அளந்துகொண்டு வரவேண்டியிருந்தது. நம் பக்கம் தீப்பெட்டி அடுக்கிய பிள்ளைகளை நினைத்துப் பார்த்தால் உனக்கு இது தூரத்துக் கதையாகத் தெரியாது.

எங்களைப் படம் எடுக்கிறார்கள், பேட்டி எடுக்கிறார்கள், எங்கள் கஷ்டத்தைப் பாட்டாகப் பாடிப் பரிசு வாங்குகிறார்கள். நாங்கள் அதே திண்ணையில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டுதான் இருக்கிறோம். இதில் எங்கள் உரிமை என்ன?
பீடித் தொழிலாளி, முக்கூடல்

மதினி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் வேனில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நான் செய்த தப்பைச் சொல்லியே பதிலைத் தொடங்குகிறேன்.

ஒரு பெண் தன் வீட்டில் படும் அடியை என்னிடம் சொல்லி அழுதாள். அழுதது என்னை உலுக்கிவிட்டது. ஒரு வாரத்தில் அதைக் கதையாகக் கட்டினேன். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன். ஆனால் அவள் ஒரு காலை லேசாக இழுத்து நடப்பாள் என்பதையும், வாசலில் முருங்கை மரம் நிற்கும் என்பதையும் அப்படியே விட்டுவிட்டேன். பாட்டுக்கு உயிர் அதில்தான் இருக்கிறது என்று எனக்கு அப்போது நினைப்பு. பக்கத்து ஊர்க் கொடையில் பாடினேன். கூட்டத்தில் பெண்கள் அழுதார்கள், ஆயிரம் ரூபாய் அன்பளிப்பும் கிடைத்தது. மறுநாள் காலைக்குள் அவள் தெரு முழுக்க, அது அவள்தான் என்று பேச்சு. ஒரு மாதம் அவள் குழாயடிக்கே வரவில்லை. அப்புறம் ஒருநாள் என் வீட்டுப் படியில் வந்து நின்றாள். உள்ளே வரச்சொன்னால் வரவில்லை. "நான் உன்கிட்டதானக்கா சொன்னேன். ஊர்கிட்டயா சொன்னேன்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அவளுடைய மானத்துக்காகப் பாடுகிறேன் என்று நினைத்து அவள் மானத்தை நானே வீதியில் வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு எங்கள் குழுவில் ஒரு நடைமுறை வைத்தோம், இன்றுவரை மாறவில்லை. யாருடைய வாழ்க்கையைப் பாடுகிறோமோ அவர் வீட்டுக்கு முதலில் போவோம். வில் கிடையாது, மணி கிடையாது, குடத்தை மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டு அவருக்கு முழுவதையும் பாடிக் காட்டுவோம். எந்த வரி வேண்டாம் என்கிறாரோ அது போய்விடும். எனக்குப் பிடித்த வரி என்று வாதாடக்கூடாது. மேடை ஏறும் அன்றைக்குத் திரும்பவும் ஒருமுறை கேட்போம், ஏனென்றால் இடையில் அவர் மனசும் வீட்டு நிலைமையும் மாறியிருக்கலாம். சாக்கடைக் குழியில் இறங்கிக் கணவரை இழந்த ஒரு அம்மா, நாங்கள் கட்டியிருந்த கதையை முழுவதும் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. வேண்டாம்மா" என்றார். இன்றுவரை அதைப் பாடவில்லை. பாடவும் மாட்டோம்.

குழந்தைகள் விஷயத்தில் இது நம் விருப்பம்கூட இல்லை, சட்டம். பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் பெயர், முகம், முகவரி, பள்ளி, குடும்பம் எதையும் வெளியே தெரியவைக்கக்கூடாது என்று 2012-ல் வந்த போக்சோ சட்டம் சொல்கிறது. பாட்டுக் கட்டுகிறவர்களும் குறும்படம் எடுக்கிற தம்பிமாரும் என்னுடைய முருங்கை மரத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். பெயரை மாற்றினால் மட்டும் போதாது.

அப்புறம் காசு. உங்கள் கதையைப் பாடி வந்த காசில் உங்களுக்கும் பங்கு உண்டு. நாங்கள் குழுவாகப் பிரிக்கும்போது அதையும் ஒரு பங்காக எடுத்து வைக்கிறோம். சிலர் வாங்க மறுக்கிறார்கள், ஆனால் எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டியது எங்கள் கடமை. உங்களைப் படம் எடுக்க வருகிறவர்களிடம் நீங்கள் தாராளமாகக் கேளுங்கள்: இது எங்கே போகிறது, யார் பார்ப்பார்கள், எனக்கு எப்போது காட்டுவீர்கள் என்று. பதில் சொல்லத் தடுமாறினால் தூளையும் இலையையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விடலாம். அதுவும் உங்கள் உரிமைதான்.

கோயில் கொடையில் இப்படிப்பட்ட விஷயங்களைப் பாடினால் கமிட்டிக்காரர்கள் அடுத்த ஆண்டு கூப்பிடுவார்களா? பிழைப்பு என்னாவது?
ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்பாசமுத்திரம்

சார், கூப்பிடாத ஊர்கள் உண்டு. மூன்று ஊர் அப்படிப் போயிற்று, பெயர் வேண்டாம். ஆனால் நான் புதிதாக எதையோ கோயிலுக்குள் கொண்டுவருவதாகக் குறை சொல்கிறவர்களிடம் முத்துப்பட்டன் கதையைத்தான் எடுத்து வைப்பேன். உங்கள் ஊருக்கு மேலே, காரையாறு சொரிமுத்தையன் கோயிலில் பட்டவராயன் சந்நிதியில் பக்தர்கள் செருப்புக் காணிக்கை கட்டுகிறார்கள். ஏன் செருப்பு? பிராமணனாகப் பிறந்த முத்துப்பட்டன், செருப்புத் தைக்கும் சமூகத்து வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா மேல் மனம் வைத்தான். குடுமியை எடு, பூணூலை அறு, செருப்புத் தைத்துக் கொண்டுவா என்றார் பெண்களின் அப்பா. அவன் செய்தான். மாட்டைக் காக்கப் போன இடத்தில் செத்தான். பட்டவராயன் என்ற சாமியானான். இதை விடிய விடிய வில்லில் பாடுகிற மாவட்டம் இது. சாதி ஒழியவேண்டும் என்று யாரும் மேடை போட்டுப் பேசாத காலத்திலேயே நம் புலவர்கள் இதைச் சாமி முன்னால் பாடியிருக்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா. வானமாமலை இந்தக் கதையைப் பதிப்பித்தார், 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடைத்து வளர்ந்தவர்கள் என்று கதையில் ஒரு பகுதி வருகிறதே, அது பின்னால் சேர்த்த ஒட்டு என்று அவர் காட்டினார். யோசித்துப் பாருங்கள் சார். கதையைத் தடுக்க முடியவில்லை, அதனால் அதன் முதுகெலும்பை உருவப் பார்த்திருக்கிறார்கள். என் அத்தைதான் எனக்குக் குரு. அவள் அந்த ஒட்டுப் பகுதியைப் பாடமாட்டாள். "அது கதையில கெடயாது" என்று சொல்லித் தாண்டிவிடுவாள். படிக்காதவள். எனக்குப் பேராசிரியரின் புத்தகம் கையில் கிடைத்த அன்று அத்தை உயிரோடு இல்லை. அன்றைக்கு நான் அழுதேன்.

தடை என்பது நமக்குப் பழக்கமானதுதான். சிவகாசியில் பிறந்த நாடக நடிகர் விசுவநாததாஸ் முருகன் வேடம் போட்டு வள்ளியின் தினைப்புனத்தில் நின்று, கொக்கு விரட்டுவதுபோல வெள்ளைக்காரனை விரட்டிப் பாடினார். எத்தனையோ தடவை சிறை. முடிதிருத்தும் மருத்துவர் சமூகத்தவர் என்பதால் அவரோடு நடிக்க மாட்டேன் என்று சொன்ன நடிகைகளும் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் மேடையிலேயே, முருகன் வேடத்திலேயே உயிர் விட்டார். வெள்ளைக்காரன் 1876-ல் நாடகத் தடைச் சட்டம் போட்டான். சுதந்திரம் வந்த பிறகு 1954-ல் நம் மாநிலமும் அதே மாதிரி ஒன்று போட்டது. நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் முன்கூட்டியே கொடுக்கச் சொல்லும் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2013-ல்தான்.

பிழைப்புக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். காப்பு, குரு வணக்கம், அவையடக்கம் எல்லாம் முறைப்படி பாடுவேன். நாட்டு வளம் பாடுகிற இடம் எங்களுக்குத் திறந்த வாசல். தாமிரபரணி வளம் பாடும்போது அந்தத் தண்ணீரில் யார் குளிக்கலாம், யார் கீழ்ப்படித்துறைக்குப் போகச் சொல்லப்பட்டார்கள் என்பதையும் பாடலாம். நாற்று நடுகிறவள் கூலியைப் பாடலாம். யாரும் இது கதைக்கு வெளியே என்று சொல்ல முடியாது, ஏனென்றால் நாட்டு வளம் என்றால் நாட்டின் நிலைமைதானே.

பள்ளியில் மனித உரிமை ஓவியப் போட்டி. எல்லாரும் உடைந்த சங்கிலியும் புறாவும் வரைகிறார்கள். நான் என்ன வரையட்டும்?
9-ஆம் வகுப்பு மாணவன், சேரன்மகாதேவி

மக்கா, நீ சங்கிலி கட்டின ஆளை நேரில் பார்த்திருக்கிறாயா? பார்க்காததை வரையாதே. வங்காளத்தில் 1943-ல் பெரும் பஞ்சம் வந்தபோது சித்தப்ரசாத் என்ற ஓவியர் ஊர் ஊராக நடந்தே போய், பட்டினி கிடந்தவர்களை மையில் வரைந்தார். எந்த ஊர், யார், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று எழுதியும் வைத்தார். அது புத்தகமாக வந்ததும் ஆங்கிலேய அரசு பிரதிகளைக் கைப்பற்றி எரித்துவிட்டது. புறா வரைந்திருந்தால் எரித்திருப்பார்களா?

உன் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளின் கையைப் பார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பிள்ளைகளே சாதிப் பகையில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு நீதிபதி சந்துருவை வைத்து ஒருநபர் குழு அமைத்தது. 2024-ல் அவர் கொடுத்த அறிக்கையில், சாதி காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் கட்டக்கூடாது என்று பரிந்துரை இருக்கிறது. பெஞ்சில் வரிசையாக வைத்த ஐந்து மணிக்கட்டு வரை. கயிறு போன இடத்தில் வெயில் படாத வெளுத்த தடம் இருக்கும், அதையும் வரை. எந்த நிறம் என்று காட்ட வேண்டாம். பென்சிலே போதும். பரிசு கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது, ஆனால் வரைந்ததை எனக்கு அனுப்பு.

1999-ல் ஆற்றில் நடந்ததை நீங்கள் பாடியிருக்கிறீர்களா?
வாசகர், கொக்கிரகுளம்

பாடியிருக்கிறேன். ஒரே ஒருமுறை.

தெரியாத இளைய பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக, கூலியைக் கேட்டும் சிறையில் இருந்தவர்களை விடச்சொல்லியும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் வந்தார்கள். தடியடி நடந்தது. ஓடியவர்கள் தாமிரபரணி ஆற்றில் விழுந்தார்கள். 17 பேர் செத்தார்கள், கைக்குழந்தை உட்பட. ஒவ்வொரு ஜூலையிலும் இன்றும் அங்கே பூப்போட வருகிறார்கள்.

எப்படிப் பாடுவது என்று பல நாள் தெரியவில்லை. வில்லுப்பாட்டில் நான் ஒரு வரி சொன்னால் பின்பாட்டுக்காரர்கள் "ஆமா" போடுவார்கள். அதுதான் எங்கள் கலையின் மூச்சு. சீனாவில் 2008 நிலநடுக்கத்தில் பள்ளிக் கட்டடங்கள் இடிந்து பிள்ளைகள் இறந்தபோது, அய் வெய்வெய் என்ற கலைஞர் ஆட்களைத் திரட்டி வீடு வீடாகப் போய் 5,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பெயர்களைச் சேகரித்துச் சுவரில் எழுதி வைத்தார். வெறும் பெயர்கள்தான். அதைப் பற்றிக் கேள்விப்பட்ட பிறகுதான் எனக்கு வழி தெரிந்தது. ஒரு நினைவுக் கூட்டத்தில், உறவுக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு, 17 பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒரு பெயர், வில்லில் ஒரு அடி. "ஆமா" கிடையாது. அந்த இடத்தில் சும்மா இருந்தோம். ஐந்தாவது பெயருக்கு மேல் குடக்காரர் தட்டுவதை நிறுத்திவிட்டார், அவரால் முடியவில்லை. கூட்டத்தில் ஒரு கிழவி எழுந்து நின்றார். அப்புறம் எல்லாரும் நின்றார்கள்.

அதைக் கொடையில் பாட எனக்கு மனசு வரவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் கூப்பிட்டால் மறுபடி பாடுவேன்.

உங்கள் பாட்டைக் கேட்டு ஒருவர் தன் பிரச்சினையைச் சொல்லி வந்தால் எங்கே அனுப்புவீர்கள்?
வாசகி, கடையம்

கடைசியில் வாழி பாடும்போதே சொல்லிவிடுகிறோம். இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு 181. குழந்தைகளுக்கு 1098. காவல்துறையோ அரசு ஊழியரோ உரிமையை மீறினால் சென்னையில் இருக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்குச் சாதாரணத் தாளில் தமிழிலேயே எழுதலாம். கட்டணம் இல்லை. நடந்து ஓராண்டுக்குள் எழுத வேண்டும், இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்.

இவ்வளவு பாடுகிறீர்களே, வில்லுப்பாட்டுக்காரிக்கு உரிமை கிடைத்திருக்கிறதா?
தையல் தொழிலாளி, மேலப்பாளையம்

இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தால் விடியற்காலை எழுந்திருப்போம். நாற்பது ஆண்டில் பெரும்பாலான ஊர்களில் எங்களுக்குக் கழிப்பறை இருந்ததில்லை. மதியத்துக்கு மேல் தண்ணீரே குடிக்காமல் போய் உட்கார்ந்து, தொண்டை வறண்டு பாடி, சிறுநீரகத்தில் கல் வந்து படுத்தேன். எங்கள் குழுவில் இன்னொரு பெண்ணுக்கும் அப்படித்தான். நான் மற்றவர்களுக்காகப் பாடிய உரிமைகளில் இதைச் சேர்க்க வெட்கப்பட்டேன். எத்தனை ஆண்டு வெட்கப்பட்டேன் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஐந்து ஆண்டாக அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லிவிடுகிறேன்: பேசின தொகை, சாப்பாடு, பெண்களுக்குக் கழிப்பறை. மூன்றும் தாளில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து. முதல் ஆண்டு இரண்டு ஊர் முகம் சுளித்தது. போன ஆடியில் ஒரு ஊரில், கமிட்டித் தலைவரின் மனைவி தன் வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்து, "பின்வாசல் திறந்திருக்கும், எத்தனை மணின்னாலும் வாங்க மதினி" என்றார். பின்பாட்டுப் பாடும் பிள்ளை அன்றைக்கு இரண்டு செம்பு தண்ணீர் குடித்தாள்.